ஆணியில் செம்பு படியவில்லையா? கரைசலைத் திட்டுவதற்கு முன்

ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் போர்டோ கலவை என்ற பூஞ்சைக்கொல்லி மருந்தைத் தயாரிக்கும்போது ஒரு சின்னச் சோதனை உண்டு. 1 கிலோ மயில்துத்தம் (அதாவது தாமிர சல்பேட்), 1 கிலோ சுட்ட சுண்ணாம்பு, 100 லிட்டர் தண்ணீர். கலந்து முடித்ததும் நன்றாகத் தேய்த்த கத்தியைக் கொஞ்ச நேரம் முக்கி எடுப்பார்கள். அலகில் செம்பு படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை என்று பொருள். இரும்பு வாளியில் இந்தக் கலவையைத் தயாரிக்கக் கூடாது என்பதும் இதனால்தான். பள்ளி ஆய்வகத்தில் தாமிர சல்பேட் கரைசலில் ஆணியைத் தொங்கவிட்டு நாம் பார்க்கும் இடப்பெயர்ச்சி வினையும் இதுவே: இரும்பு கரைசலுக்குள் போக, செம்பு வெளியே வந்து ஆணியில் படியும்; நீலக் கரைசல் மெல்ல இளம்பச்சையாகும். ஒரே வேறுபாடு, தோட்டத்துக்காரர் கத்தியைத் தேய்த்துவிட்டு முக்குகிறார்; நம் பிள்ளைகள் ஆணியைப் பொட்டலத்திலிருந்து எடுத்த கையோடு போட்டுவிடுகிறார்கள்.

புது ஆணியில் எண்ணெய்ப் பசை இருக்கும், பழைய ஆணியில் துரு. இரண்டும் கரைசலை இரும்பிடம் ஒழுங்காக நெருங்க விடாது. உப்புத்தாளால் பளபளக்கத் தேய்த்து, கழுவி, நூலில் கட்டி இறக்குங்கள். வெள்ளையாக மின்னும் ஆணி என்றால் இன்னும் எச்சரிக்கை தேவை. அது துத்தநாக முலாம் பூசியது. முதலில் வினைபுரிவது அந்தப் பூச்சுதான். துத்தநாக சல்பேட்டுக்கு நிறம் கிடையாது. ஆகவே நீலம் வெளிறினாலும் பச்சை வராது. ஆனால் செய்முறை ஏட்டைத் திறந்தால் எல்லோரும் ‘இளம்பச்சை’ என்றே எழுதியிருப்பார்கள். கண்ணால் பார்க்காததை எழுதுவதைத்தான் இந்தச் சோதனையின் பெரிய தவறு என்பேன்.

சேலத்துப் பிள்ளைகளுக்கென்றே சில தவறுகள் உண்டு. இரும்பாலை இருக்கும் ஊர் ஆயிற்றே என்று எவர்சில்வர் கரண்டியை முக்கிவிட்டு ஒரு பாடவேளை முழுவதும் காத்திருந்த மாணவன் ஒருவனை எனக்குத் தெரியும். நம் இரும்பாலை பெயர் வாங்கியதே துருப்பிடிக்காத எஃகுக்குத்தான். அதிலுள்ள குரோமியம் மேலே மெல்லிய ஆக்சைடு படலமாகப் படர்ந்து உள்ளே இருக்கும் இரும்பை மூடிக்கொள்கிறது. இன்னொருத்தி சுரங்கப் பக்கத்திலிருந்து வெள்ளைக் கல் கொண்டுவந்தாள், மெக்னீசியம் என்று. அந்தக் கல் மேக்னசைட், அதாவது மெக்னீசியம் கார்பனேட். சேர்மத்துக்குள் போய் உட்கார்ந்துவிட்ட மெக்னீசியத்தால் செம்பை இடம்பெயர்க்க முடியாது. உலோகமாக இருக்க வேண்டும்.

சேர்வராயன் மலையில் வெட்டிய பாக்சைட்டின் பிள்ளையான அலுமினியமும் ஏமாற்றும். உலோகங்களை வினைத்திறன்படி அடுக்கும் வினைபடு வரிசையில் அது இரும்புக்கு மேலே. ஆனாலும் கரைசலில் போட்டால் அசையாமல் கிடக்கும், காரணம் அதே ஆக்சைடு படலம். ஒரு சிட்டிகை சமையல் உப்பைச் சேர்த்துப் பாருங்கள். குளோரைடு அயனிகள் படலத்தைக் குலைத்ததும் செம்பு படியும், குமிழி கிளம்பும், சோதனைக் குழாய் சுடும். சிறு துண்டுத் தகடு போதும், தூளை எடுக்காதீர்கள்.

கரைசலிலும் கை தாராளம் கூடாது. 100 மில்லிலிட்டரில் 10 கிராம் போட்டுக் கருநீலமாக்கினால் இருபது நிமிடத்தில் நிறம் மாறியதே தெரியாது. 1 கிராம் போதும். ஆணி போடாத கரைசலைப் பக்கத்தில் ஒரு குழாயில் வைத்து ஒப்பிடுங்கள். உப்பு மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீரில் கரைத்தால் கலங்கிப்போகும். வாலை வடிநீர் வேண்டும். கலங்கலைப் போக்க அமிலத்தை அள்ளி ஊற்றினால் இரும்பு அமிலத்தோடு வினைபுரிந்து ஹைட்ரஜன் குமிழிகள் வரும், பார்க்க வந்தது வேறாகிவிடும்.

எடை போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 56 கிராம் இரும்பு கரைந்தால் 63.5 கிராம் செம்பு படிய வேண்டும், ஆகவே ஆணியின் எடை சற்றுக் கூடும். ஆனால் படிந்த செம்பு உதிரக்கூடியது. துணியால் அழுத்தித் துடைத்துவிட்டு, ‘எடை குறைந்துவிட்டது சார்’ என்று வராதீர்கள். ஏட்டில் ‘இரும்பு செம்பாக மாறியது’ என்றும் எழுதாதீர்கள், அது ரசவாதம். உருவாவது இரும்பு(II) சல்பேட், இரும்பு(III) சல்பேட் அல்ல.

மிஞ்சிய நீலக் கரைசலை ஆய்வகக் கழுவுதொட்டியில் கொட்டிவிடுவதுதான் வழக்கம். நீர்நிலையில் போய்ச் சேர்ந்தால் செம்பு, மீன்களுக்கு நஞ்சு. ஒரு பிளாஸ்டிக் கேனில் சேர்த்து, தேய்த்த பழைய ஆணிகளை ஒரு பிடி போட்டு இரண்டு நாள் விடுங்கள். நீலம் போய்விட்டால் செம்பு பெரும்பாலும் அடியில் இறங்கிவிட்டது. அதை வடிகட்டி எடுத்துக் காயவைத்தால், அடுத்த வகுப்புக்குக் காட்ட ஒரு சீசாவில் கிடக்கும்.