ஸ்ட்ரீக்கிங்: மறுபடி தொட்டு இழுக்காதீர்கள்

காரைக்குடிப் பக்கம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு ஸ்ட்ரீக்கிங், அதாவது பாக்டீரியாவைத் தட்டில் கோடுகோடாக இழுத்துத் தனித்தனியாகப் பிரிக்கிற முறை, சொல்லித்தருகிறேன். அதிகம் பார்க்கிற தவறு ஒன்றுதான். அகர் தட்டை (பாக்டீரியா வளர உணவுக்கூழ் உறைந்த தட்டு) நான்கு பகுதியாக வைத்து இழுக்க வேண்டும். முதல் பகுதியை இழுத்து முடித்ததும், அடுத்த பகுதிக்கு லூப்பை (நுனியில் வளையம் உள்ள கம்பி) மறுபடி கல்ச்சரில் (வளர்த்து வைத்த பாக்டீரியா) தொட்டுவிடுகிறார்கள். வீட்டில் மாக்கோலம் போட்டுப் பழகிய கை. கோடு மெலிந்தால் துணியை மாவில் நனைக்கத்தானே தோன்றும்?

இங்கே கோடு மெலியத்தான் வேண்டும். கல்ச்சரை ஒரே ஒரு முறை தொட்டால் போதும். அப்புறம் லூப்பை விளக்குத் தீயில் சுட்டு, ஆறவிட்டு, முதல் பகுதியின் ஓரத்தை இரண்டு மூன்று முறை மட்டும் உரசி இரண்டாம் பகுதிக்கு இழுங்கள். மூன்றும் நான்கும் அப்படியே. நான்காவது கோடு முதல் பகுதியைத் தொட்டுவிடக் கூடாது. பாக்டீரியா குறைந்துகொண்டே வந்து கடைசியில் தனித்தனியாக விழும். அதில் ஒன்று பெருகித்தான் குண்டூசித் தலை அளவுக் காலனியாகிறது. தனிக் காலனி இல்லையென்றால் தட்டு நிறைய வளர்ந்தும் பயனில்லை.

லூப்பைச் சுட்டதும் காப்பி ஆற்றுவதுபோல் வாயால் ஊதுகிற பிள்ளைகள் உண்டு. வாயில் இருக்கிற கிருமியெல்லாம் கம்பியில் ஏறிவிடும். பத்துப் பதினைந்து விநாடி பொறுத்து, அகரின் வெற்று ஓரத்தில் தொட்டுப் பாருங்கள். 'சுர்' என்றால் இன்னும் ஆறவில்லை. அகர் கிழிந்தால் கை அழுத்தம் அதிகம். லூப்பைப் பென்சில்போல் லேசாகப் பிடிக்க வேண்டும்.

புழுக்கமாக இருந்தாலும் மின்விசிறி வேண்டாம், தூசி தட்டில் விழும். மேசையை ஸ்பிரிட்டால் துடைத்தால் நன்றாகக் காய்ந்தபிறகே விளக்கை ஏற்றுங்கள். இதில் விளையாட்டே கூடாது.

பெயரை மூடியில் எழுதாமல் தட்டின் அடியில் எழுதி, இரண்டு மூன்று இடத்தில் டேப் ஒட்டி, கவிழ்த்து வையுங்கள். நேராக வைத்தால் மூடியில் கோத்த நீர் சொட்டிக் காலனிகளைக் கலக்கிவிடும். சித்திரை வெயிலில் ஜன்னலோரம் வைத்தால் தட்டுக்கு உடம்புச் சூடு வந்துவிடும். நமக்கு நோய் தரும் கிருமிகளுக்கு அது தோதான சூடு. பள்ளிக்கு 25 முதல் 30 டிகிரி சரி. வளர்ந்தபின் மூடியைத் திறக்க வேண்டாம். பார்த்து முடித்ததும் ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவியில் கிருமி கொல்லும் கருவி) 121 டிகிரியில் வைத்துக் கொன்ற பிறகே குப்பைக்கு அனுப்ப வேண்டும்.

மறுநாள் தட்டைப் பார்க்கும்போது, முதல் பகுதிக்கு அப்பால் ஒன்றுமே இல்லையென்றால் பெரும்பாலும் லூப் ஆறாமல் இழுத்திருக்கிறீர்கள். இழுத்த கோட்டை விட்டுத் தள்ளி ஒரு காலனி நின்றால் அது வெளியிலிருந்து வந்து விழுந்தது, கணக்கில் சேர்க்காதீர்கள்.