கொள்ளுத்தாத்தா யார் மகன்? காகிதங்கள் முரண்படும்போது வம்சாவளி தேடும் வழி

பூர்வீகச் சொத்து, குலதெய்வக் கோயிலில் முதல் மரியாதை, வாரிசுச் சான்று, இல்லாவிட்டால் லீவுக்கு வந்த பேரன் சும்மா ஒரு வம்சாவளி வரையலாம் என்று கிளம்பியது. எதில் தொடங்கினாலும் எல்லாக் குடும்பமும் ஓர் இடத்தில் வந்து முட்டிக்கொள்ளும். கொள்ளுத்தாத்தா யாருக்குப் பிறந்தவர்? கிரயப் பத்திரம் ஒரு பெயரைச் சொல்லும், கோயில் வரி நோட்டு இன்னொன்றைச் சொல்லும், பெரியப்பா வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் வம்சாவளிப் படத்தில் அந்த ஆளே இருக்க மாட்டார். அப்போது பெரும்பாலானவர்கள் செய்வது, தனக்குச் சாதகமான காகிதத்தை எடுத்துக்கொண்டு மற்றதைப் பொய் என்பது. வேண்டாம். நிறைய நேரம் இரண்டு காகிதமும் உண்மையாகவே இருக்கும், நாம் கேட்கிற கேள்விதான் அந்தக் காகிதத்துக்கு உரியதாக இருக்காது.

அதனால் முதல் வேலை, கிடைத்த ஒவ்வொரு காகிதத்துக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி நாலு விஷயம் எழுதுங்கள்: யார் எழுதியது, எப்போது, எதற்காக, எழுதியவருக்கு இந்த உறவு எப்படித் தெரியும். அப்புறம் குடும்பத்தில் சண்டை எந்த வருஷம் வெடித்தது என்று கண்டுபிடித்து, அதற்கு முந்தைய காகிதங்களை ஒரு பக்கமும் பிந்தையவற்றை இன்னொரு பக்கமும் வையுங்கள். இது என் சொந்தச் சரக்கு இல்லை. 1872ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 32ஆவது பிரிவே, இறந்துபோனவர் உறவைப் பற்றிச் சொல்லிவிட்டுப் போனதை ஏற்க வேண்டுமானால் அது தகராறு எழுவதற்கு முன் சொன்னதாக இருக்க வேண்டும், அவருக்கு அந்த உறவை அறியும் வாய்ப்பும் இருந்திருக்க வேண்டும் என்றது. அதற்குப் பதிலாக 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்திலும் இந்த விதி தொடர்கிறது. வழக்குப் போட்ட பிறகு வரைந்த வம்சாவளிப் படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அது வாதம்தான். 1930இல் கடன் வாங்க எழுதிய அடமானப் பத்திரத்தில் போகிறபோக்கில் வரும் ‘சின்னையா குமாரர் முத்துச்சாமி’ என்ற ஒரு வரிக்கு அதைவிட எடை அதிகம், ஏனென்றால் அன்றைக்கு அதில் பொய் சொல்லி யாருக்கும் லாபமில்லை.

இப்போது, குழப்பத்துக்கு ஆகப்பெரிய காரணம்: தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது. முத்துச்சாமிக்கு மூன்று மகன்கள் என்றால் மூன்று பேரும் தலைச்சன் பிள்ளைக்கு முத்துச்சாமி என்று வைப்பார்கள். ஒரே தெருவில், கிட்டத்தட்ட ஒரே வயதில், மூன்று முத்துச்சாமிகள். இதில் நடு மகன் பெயர் சின்னையா, அவருடைய பேரன் பெயரும் சின்னையா என்றால், ‘சின்னையா மகன் முத்துச்சாமி’ என்று நாற்பது ஐம்பது வருஷ இடைவெளியில் இரண்டு பேர் வரலாம். ஆகவே தகப்பன் பெயர் ஒத்துப்போகிறது என்று உடனே கோடு போட்டுவிடாதீர்கள். தகப்பன் பெயரோடு இன்னும் இரண்டு அடையாளமாவது சேர வேண்டும்: மனைவி பெயர், சர்வே எண், வீட்டின் நான்கெல்லை, பட்டப்பெயர் இப்படி. பட்டப்பெயரை வெட்கப்படாமல் கேட்டு எழுதுங்கள். நெட்டையன், செவத்தான், கிழக்கு வீட்டான் என்பவைதான் பங்காளிகளைப் பிரித்துக் காட்டும், பழைய பத்திரங்களிலும் ‘என்கிற’ போட்டு அதை எழுதியிருப்பார்கள். இன்னொரு கண்ணி, த/பெ, க/பெ. ஒன்று தகப்பன் பெயர், மற்றது கணவர் பெயர். நகல் எடுத்தவர் ஓர் எழுத்தை மாற்றிவிட்டால் மனைவி மகளாகிவிடுவாள். அப்படி ஒரு சந்தேகம் வந்தால் தட்டச்சு நகலை விட்டுவிட்டு மூலத்தைப் பாருங்கள்.

அடுத்தது தேதி. தமிழ் வருஷப் பெயர் அறுபது வருஷத்துக்கு ஒருமுறை திரும்பி வரும். ‘தாது வருஷம் தை மாதம்’ என்று மட்டும் இருந்தால் அது 1877 ஜனவரியாகவும் இருக்கலாம், 1937 ஜனவரியாகவும் இருக்கலாம் (பெரும்பஞ்சம் தொடங்கிய தாது 1876இல் பிறந்தது, ஆனால் தை முதல் பங்குனி வரை அடுத்த ஆங்கில வருஷத்தில் போய் விழும், இதை மறந்து ஒரு வருஷம் பிசகுகிறவர்கள் ஏராளம்). முத்திரைத்தாளில் இருப்பது விக்டோரியா ராணியா ஜார்ஜ் மன்னரா என்று பார்த்தாலே பாதிச் சந்தேகம் தீரும். தாளைத் திருப்பி, முத்திரைத்தாள் விற்றவர் பின்பக்கம் எழுதிய தேதியையும் பாருங்கள். வருவாய்த்துறைக் கணக்குகளில் பசலி (ஜூலையில் தொடங்கும் வருவாய் ஆண்டு) இருக்கும், அதோடு 590ஐக் கூட்டினால் அந்தப் பசலி தொடங்கிய ஜூலை மாதத்தின் ஆண்டு வரும். பசலி 1310 என்றால் 1900 ஜூலை முதல் 1901 ஜூன் வரை. நாஞ்சில் நாட்டுப் பக்கம் கொல்லம் ஆண்டு, அதற்கு 824 அல்லது 825 கூட்ட வேண்டும்.

ஓலையிலோ பழைய நோட்டிலோ ஜாதகம் இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஜோசியத்தில் நம்பிக்கை இருக்கிறதா இல்லையா என்பது வேறு கதை, கட்டத்தில் இருப்பது அன்றைய வானத்தின் கணக்கு. சனி ஒரு சுற்று முடிக்க ஏறக்குறைய முப்பது வருஷம், குரு பன்னிரண்டு வருஷம். இரண்டும் சேர்ந்து அறுபது வருஷத்தில் கிட்டத்தட்ட பழைய ராசிகளுக்கே வந்துவிடும், ஆக அவற்றை வைத்து 1876ஐயும் 1936ஐயும் பிரிக்க முடியாது. ராகுவைப் பாருங்கள். ராகுவுக்குச் சுற்று பதினெட்டரை வருஷத்துக்குக் கொஞ்சம் மேல், அறுபது வருஷம் கழித்து அது பழைய ராசியிலிருந்து இரண்டு மூன்று ராசி தள்ளி நிற்கும். எந்த ஜாதக மென்பொருளிலும் இரண்டு தேதியையும் போட்டுப் பார்த்தால் எது பொருந்துகிறது என்று ஐந்து நிமிஷத்தில் தெரிந்துவிடும். பழைய ஜாதகத்தின் தலைப்பில் இன்னார் பௌத்திரர் (பேரன்), இன்னார் புத்திரர் (மகன்) என்று எழுதியிருந்தால் ஒரே வரியில் மூன்று தலைமுறை கிடைக்கும், அதுவும் பிறந்த கையோடு எழுதியது. பள்ளிக்கூடச் சான்றிதழில் இருக்கும் பிறந்த தேதியை இதற்கு எதிராக நிறுத்தாதீர்கள். பிள்ளையைச் சேர்ப்பதற்காக வாத்தியாரே போட்ட மே, ஜூன் தேதிகள் நம் ஊரில் எத்தனை என்று எல்லோருக்கும் தெரியும்.

நில ஆவணங்களுக்கு வருவோம், சண்டை அதிகம் நடப்பது இங்கேதான். பட்டா யார் பெயரில் இருக்கிறது என்பது யார் வரி கட்டினார் என்பதற்குச் சாட்சி, யார் யாருக்குப் பிறந்தார் என்பதற்கு இல்லை. கூட்டுக்குடும்பத்தில் மூத்தவர் பெயரில் மட்டும் பட்டா இருப்பது சாதாரணம், அதை வைத்துத் தம்பிகள் பிறக்கவே இல்லை என்று சொல்கிறவர்களும் உண்டு. தமிழ்நாட்டில் 1979இல் தொடங்கி 1987 வரை நடந்த யுடிஆர் என்ற நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில் பெயர்கள் மாறி ஏறிய கதை ஊருக்கு ஊர் கேட்கலாம். ஆகவே யுடிஆர் பதிவும் அதற்கு முந்தைய செட்டில்மெண்ட் பதிவேடும் (நிலத்தை அளந்து வரி நிர்ணயித்தபோது எழுதியது) முரண்பட்டால் பழையதைத் தேடிப் பிடியுங்கள். கையில் பழைய சர்வே எண் இருக்கிறதா, மறு அளவைக்குப் பிந்தைய எண்ணா என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். பக்கத்துக் காட்டுக்காரர் வம்சத்தை நம்முடையதாக நினைத்து ஆராய்ச்சி செய்தவர்கள் இருக்கிறார்கள்.

ஒரு சொத்தின் மேல் பதிவான பத்திரங்களைக் காட்டும் வில்லங்கச் சான்று இணையத்தில் பொதுவாக 1975 வாக்கிலிருந்துதான் கிடைக்கும். அதற்கு முந்தையதற்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டுக் கையால் தேடச் சொல்ல வேண்டும். சொத்து வாரியாக மட்டும் தேடாமல் எழுதிக்கொடுத்தவர் பெயர் வாரியாகவும் தேடச் சொல்லுங்கள், அதற்குத் தனி அட்டவணைப் புத்தகம் உண்டு. தேட வேண்டியது பாகப்பிரிவினையும், தன் பங்கை விட்டுக்கொடுத்து எழுதும் விடுதலைப் பத்திரமும். கிரயப் பத்திரத்தில் விற்றவர் மட்டும் இருப்பார், பாகப்பிரிவினையில் குடும்பமே வரிசையாக நிற்கும். விடுதலைப் பத்திரம் இன்னொரு வகையில் முக்கியம்: ஆண்கள் போட்ட வம்சாவளியில் பெண் பிள்ளைகளைக் கணக்கிலேயே சேர்த்திருக்க மாட்டார்கள், ஆனால் அவர்களிடம் கையெழுத்து வாங்க வேண்டிய நாள் வந்ததும் எல்லா மகள்களும் கணவர் பெயர், ஊர் சகிதம் பத்திரத்தில் வந்துவிடுவார்கள். பூர்வீகச் சொத்தில் மகள்களுக்கும் பங்கு தந்த இந்து வாரிசுரிமைச் சட்டத் திருத்தம் தமிழ்நாட்டில் 1989இல் வந்த பின்னும், நாடு முழுக்க 2005இல் வந்த பின்னும் இப்படிப்பட்ட பத்திரங்கள் நிறையக் கிடைக்கும்.

இரண்டு தாரம் இருந்த வீட்டில் எந்தப் பிள்ளை எந்தத் தாய்க்கு என்பதுதான் சிக்கல், பத்திரங்களில் தாய் பெயர் வருவது அபூர்வம். ஆனால் தகப்பன் சீக்கிரம் இறந்து, பிள்ளைகள் மைனராக இருந்தபோது எழுதிய பத்திரம் ஏதாவது இருக்கிறதா பாருங்கள். ‘மைனர் முத்துச்சாமிக்காகத் தாயாரும் கார்டியனுமான மீனாட்சியம்மாள்’ என்று இருக்கும். மூத்தாள் பிள்ளைக்கு இளையாள் கார்டியனாக நின்றால் ‘சிறிய தாயார்’ என்று எழுதியிருக்க வேண்டும், அந்த ஒரு சொல்லுக்காகவே மூலப் பத்திரத்தைப் படிக்கலாம். சுவீகாரமும் இதே மாதிரி. தம்பி பிள்ளையைப் பிள்ளையில்லாத அண்ணன் எடுத்திருந்தால் பிறப்புப் பதிவில் ஒரு தகப்பன், பத்திரத்தில் ஒரு தகப்பன், இரண்டும் சரி. ‘சுவீகார புத்திரன்’ என்றும் ‘அபிமான புத்திரன்’ என்றும் எழுதுவதற்கு வித்தியாசம் உண்டு: முன்னது முறைப்படி எடுத்தது, பின்னது பாசமாக வளர்த்தது.

காகிதம் கைவிடும் இடத்தில் சடங்கு பேசும். இரண்டு குடும்பம் பங்காளியா என்ற கேள்விக்கு, அவர்களுக்குள் எப்போதாவது பெண் கொடுத்துப் பெண் எடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். எடுத்திருந்தால் அன்றைய ஊர் அவர்களைப் பங்காளியாக நினைக்கவில்லை. சாவு விழுந்தால் யார் தீட்டுக் காத்தார்கள், யார் கொள்ளி வைத்தார்கள், பிறந்த வீட்டுக் கோடி எந்த வீட்டிலிருந்து வந்தது? கிழவர்களிடம் ‘அவருக்கு அப்பா யார்’ என்று நேராகக் கேட்டால் இன்றைய கட்சியைத்தான் சொல்வார்கள், ‘அவர் செத்தபோது மொட்டை போட்டது யார்’ என்று கேளுங்கள், நடந்ததைச் சொல்வார்கள். மொய் நோட்டைத் தேடி எடுங்கள். ‘தாய்மாமன்’ என்று முதல் வரியில் எழுதியிருக்கும் பெயர் பல வழக்கைத் தீர்க்கும். குலதெய்வக் கோயில் வரி நோட்டில் தலைக்கட்டு வாரியாக இருக்கும். கல்யாணம் ஆனதும் தனித் தலைக்கட்டு என்ற வழக்கம் உங்கள் ஊரில் இருந்தால், ஒரு பெயர் நோட்டில் முதலில் ஏறும் வருஷம் ஏறக்குறைய கல்யாண வருஷம். கல்யாண வருஷம் தெரிந்தால், ‘இவர் பிறந்தபோது தகப்பனுக்கு வயது ஒன்பது’ போன்ற அபத்தங்கள் தானாக வெளியே வந்துவிடும்.

கடல் கடந்து போனவர்கள் விஷயத்தில் பெயரை நம்பாதீர்கள், எண்ணை நம்புங்கள். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து போய் டர்பனைத் தொட்ட ட்ரூரோ கப்பல் தொடங்கி 1911 வரை ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் ஒப்பந்தக் கூலிகளாகத் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போனார்கள். பட்டியலில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண், தகப்பன் பெயர், வயது, சாதி, மாவட்டம், தாலுகா, கிராமம் உண்டு. முனுசாமி மூன்சாமி ஆகியிருப்பார், முதலி மூட்லி ஆகியிருப்பார், எண் மட்டும் பிற்காலக் காகிதங்களிலும் அப்படியே தொடரும். மொரீஷியஸ் போனவர்களின் குடியேற்றப் பதிவேடுகள் மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன. இலங்கைத் தோட்டங்களுக்குக் கங்காணியோடு (ஆள் திரட்டிக் கூட்டிப்போன மேஸ்திரி) நடந்து போன முற்காலத்தவர்களுக்கு இப்படிக் கப்பல் பட்டியல் தேடிப் பயனில்லை. இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட 1964 ஒப்பந்தத்தில் திரும்பி வந்தவர்கள் என்றால் குடும்ப அட்டையிலிருந்து பின்னோக்கிப் போங்கள், அதிலும் மகன் என்று இருப்பவர் அண்ணன் மகனாக இருக்க வாய்ப்புண்டு என்பதை நினைவில் வையுங்கள்.

டிஎன்ஏ பரிசோதனை செய்தால் முடிந்தது என்று இப்போது சொல்கிறார்கள். இரண்டு ஆண்கள் ஒரே ஆண்வழியில் வந்தவர்களா என்பதற்கு ஒய் குரோமோசோம் பரிசோதனை நல்ல பதில் தரும், ஆனால் அண்ணனா தம்பியா, எந்த மகன் வழி என்று பிரித்துச் சொல்லாது. பொதுவான பரிசோதனையில் வரும் ‘இரண்டாம் தலைமுறை உறவு’ போன்ற கணிப்பை நம் குடும்பங்களில் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அத்தை மகள், மாமன் மகள், அக்காள் மகள் என்று தலைமுறை தலைமுறையாகக் கட்டியதில் பொதுப் பங்கு கூடிப்போய், தூரத்து உறவும் நெருங்கிய உறவாகத் தெரியும். சுவீகாரம் விஷயத்தில் இது சட்டபூர்வ உறவைப் பற்றி ஒன்றுமே சொல்லாது. உயிரோடிருக்கும் ஒருவருக்குத் தன் தகப்பன் வேறு என்று தெரியவரலாம் என்பதையும் எச்சில் கொடுப்பதற்கு முன் எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள்.

கடைசியில் படம் வரையும்போது, உறுதியான உறவுக்கு முழுக்கோடு, சந்தேகமானதற்குப் புள்ளிக்கோடு, சுவீகாரத்துக்கு இரட்டைக் கோடு. ஒவ்வொரு கோட்டின் பக்கத்திலும் எந்தப் பத்திரம், பதிவு எண், ஆண்டு என்று சின்னதாக எழுதுங்கள். எதிர்க்கட்சி சொல்லும் வம்சாவளியையும் அதே தாளின் மறுபக்கத்தில் அவர்கள் காட்டும் ஆதாரத்தோடு வரைந்து, இரண்டும் எந்த ஆளிடம் பிரிகின்றன என்று வட்டமிடுங்கள். அநேகமாக ஒரே ஓர் ஆளாகத்தான் இருக்கும். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அடுத்த மனு அந்த ஒருவர் பெயரில்.