மண்ணில்லாமல் உறைப்பு மிளகாய்: திருகோணமலை வெக்கைக்கு ஏற்ற செய்முறை

வீட்டுக்குள் ஹைட்ரோபொனிக்ஸ் முறையில், அதாவது மண்ணுக்குப் பதில் பசளைத் தண்ணீரில் வேரைத் தொங்கவிட்டு, மிளகாய் வளர்ப்பது பற்றிக் கிடைக்கும் குறிப்புகளில் பெரும்பாலானவை குளிர்நாட்டாருக்காக எழுதப்பட்டவை. விதைத்தட்டுக்குக் கீழே சூடேற்றும் விரிப்பு வையுங்கள், தண்ணீரை வெதுவெதுப்பாக வைத்திருங்கள் என்பார்கள். திருகோணமலையில் அதை அப்படியே செய்தால் வேர் அழுகிச் செடி செத்துப்போகும். எங்களுக்குச் சூடு தேவைக்கு மேல் இருக்கிறது. வேருக்கு வேண்டிய ஒட்சிசன்தான் தட்டுப்பாடு. 20 பாகை செல்சியஸில் ஒரு லீற்றர் தண்ணீர் ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஒட்சிசனைக் கரைத்து வைத்திருக்கும். 30 பாகையில் அது ஏழரை மில்லிகிராமுக்கு இறங்கிவிடும். அதே சூட்டில் வேர் கூடுதலாகச் சுவாசிக்கும், வேரழுகலை உண்டாக்கும் பித்தியம் என்ற கிருமியும் வேகமாகப் பெருகும். வெளிச்சம், பசளை எல்லாம் இதற்குப் பிறகுதான். முதலில் தண்ணீரைக் குளிர்மையாக வைத்திருக்க வழி பாருங்கள்.

எப்போது தொடங்குவது

செப்ரெம்பர் முதல் இரண்டு வாரங்களில் விதையுங்கள். விதைத்து 65 முதல் 80 நாட்களில் பூ வரும். அப்படியென்றால் பூக்கும் காலம் நவம்பர் முதல் வாரத்துக்குப் பிறகு, வாடைக்காற்றும் மழையும் அறையைக் குளிர்த்தும் நேரத்தில் விழும். பகல் வெப்பம் 33 பாகையைத் தாண்டி, இரவும் 25 பாகைக்குக் கீழே இறங்காமல் இருந்தால் மிளகாய்ப் பூவின் மகரந்தம் பலம் இழக்கும். பூ காம்போடு உதிரும். கச்சான் காற்று வீசும் வைகாசி முதல் ஆவணி வரை இங்கே நடப்பது அதுதான். இன்னொரு நன்மையும் உண்டு: மாரி மழையில் வெளித்தோட்டத்து மிளகாய் அழுகி, சந்தையில் பச்சை மிளகாய் விலை ஏறும் நேரத்தில் உங்கள் அறையில் காய் பிடித்திருக்கும்.

எந்த மிளகாய்

முதல் தடவைக்கு எம்ஐ ஹொட், எம்ஐ-2, கேஏ-2 போன்ற உள்நாட்டு இனங்களில் ஒன்றை எடுங்கள். உலர் வலயச் சூட்டுக்குப் பழகியவை, 7 முதல் 10 நாட்களில் முளைக்கும். நை மிரிஸ், ஹபனேரோ போன்ற பெரும் உறைப்புக்காரர் வேறு சாதி. முளைக்கவே 2 முதல் 4 கிழமை எடுக்கும், சூட்டில் பூவையும் இலகுவில் உதிர்க்கும். ஒரு போகம் பழகிய பிறகு அவற்றுக்குப் போவது நல்லது.

பெட்டியும் மற்றச் சாமான்களும்

பலர் 20 லீற்றர் பெயின்ற் வாளியில் தொடங்குவார்கள். வாளி மோசமில்லை, ஆனால் அறைச் சூடு அப்படியே தண்ணீருக்குள் போய்விடும். மீன் ஏற்றும் ரிஜிபோம் பெட்டி இந்த ஊரில் இலகுவாகக் கிடைக்கும், அதுதான் சரியான தொட்டி. மீனைக் கெடாமல் வைத்திருக்கும் அதே சுவர்தான் உங்கள் தண்ணீரையும் குளிர்மையாக வைத்திருக்கும். குறைந்தது 30 சென்ரிமீற்றர் ஆழமும் 30 முதல் 40 லீற்றர் கொள்ளளவும் உள்ள மூடியோடான பெட்டியாகப் பாருங்கள். இரண்டு செடிக்கு அது போதும். மூன்றாவது செடியைத் திணிக்க ஆசை வரும், வேண்டாம். வேர்கள் பின்னிப் பிணைந்து நடுவில் காற்றுப் போகாது.

பழைய பெட்டி என்றால் ஒரு லீற்றர் தண்ணீருக்கு 10 மில்லிலீற்றர் சாதாரண குளோரின் பிளீச் கலந்து கழுவி, வெயிலில் காயவிடுங்கள். உள்ளே தடித்த கறுப்புப் பொலித்தீனை இரண்டு மடிப்பாக விரியுங்கள். ரிஜிபோம் மெல்லியதாக இருந்தால் வெளிச்சம் ஊடுருவும், வெளிச்சம் பட்ட பசளைத் தண்ணீரில் பாசி பிடிக்கும். மூடியின் மேற்பக்கத்துக்கும் அலுமினியத் தாள் ஒட்டுங்கள்.

மூடியில் 40 சென்ரிமீற்றர் இடைவெளியில் இரண்டு வட்ட ஓட்டை வேண்டும். வலைக் கிண்ணம் வாங்க வேண்டியதில்லை. வெறும் யோகட் கப்பின் அடியிலும் பக்கத்திலும் சூடாக்கிய ஆணியால் 15 துளைகள் போடுங்கள். கப்பின் வாயைவிட 5 மில்லிமீற்றர் சிறிதாக மூடியின் ஓட்டையை வெட்டினால் கப் விளிம்பில் தொங்கி நிற்கும். காற்றுக் குழாய்க்கு ஒரு சிறிய துளையும், அளந்து பார்க்கவும் தண்ணீர் விடவும் கையளவு ஓட்டையொன்றும் மூலையில் வெட்டுங்கள். அந்தக் கையளவு ஓட்டைக்கு இறுக்கமான அடைப்பு கட்டாயம். காற்றுக் குழாய்த் துளையைச் சுற்றி நுளம்பு வலைத் துண்டை ஒட்டுங்கள். திறந்த தண்ணீரில் டெங்கு நுளம்பு முட்டையிடும், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீட்டுக்குள்ளும் பார்ப்பார்.

மீன் தொட்டிக் கடையில் இரண்டு வாய் உள்ள காற்றுப் பம்ப் ஒன்று, காற்றுக்கல் இரண்டு, பின்னோக்கிப் பாயாமல் தடுக்கும் வால்வு ஒன்று வாங்குங்கள். மின்வெட்டில் தானாக ஓடும், மின்கலம் உள்ள பம்ப் கிடைத்தால் அதையே எடுங்கள். வால்வு இல்லாவிட்டால் பம்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே தொங்கவிட வேண்டும். தவறினால் மின்சாரம் நின்ற நேரத்தில் தண்ணீர் குழாய் வழியே பம்புக்குள் இறங்கும்.

விளக்குக்கு வெள்ளை எல்ஈடி, 5000 முதல் 6500 கெல்வின், மொத்தம் 60 வாற்று. இரண்டு செடி நிற்கும் 60க்கு 60 சென்ரிமீற்றர் இடத்துக்கு அது போதும். நாற்றுக்கு 40 சென்ரிமீற்றர் உயரத்திலும், வளர்ந்த செடியின் நுனிக்கு 25 முதல் 30 சென்ரிமீற்றர் மேலேயும் கட்டுங்கள். நாளுக்கு 14 மணித்தியாலம் எரித்தால் மாதம் 25 யூனிட் வரும். பகலில் நல்ல யன்னல் வெளிச்சம் இருந்தால் மாலையிலும் இரவிலும் எரியுங்கள். விளக்கின் சூடும் அறையின் பகல் சூடும் ஒன்று சேராது. கடற்காற்று உப்பு செம்புக் கம்பியை விரைவில் பச்சை பிடிக்க வைக்கும், ஆகவே திறந்த மூட்டுகள் உள்ள மலிவான விளக்குப் பட்டிகளைத் தவிர்த்து, அடைத்து மூடியதை எடுங்கள்.

பெட்டியை அஸ்பெஸ்டஸ் கூரைக்குக் கீழே வைக்காதீர்கள். ஓட்டுக் கூரை அல்லது கொங்கிரீட் தட்டு உள்ள அறையில், வெறும் சீமெந்துத் தரையில் வையுங்கள். நிரப்பிய பெட்டி 30 கிலோவைத் தாண்டும், இடத்தைத் தீர்மானித்த பிறகே தண்ணீர் ஊற்றுங்கள்.

நாற்று

தும்புத்தூளில் விதையுங்கள், ஆனால் கழுவாமல் பயன்படுத்தாதீர்கள். களப்புத் தண்ணீரில் ஊறிய மட்டையில் இருந்து வந்த தூளில் உப்பு நிறைய இருக்கும். நாற்று முளைத்ததும் இலை விளிம்பு கருகினால் பெரும்பாலும் காரணம் இதுதான். நல்ல தண்ணீரில் மூன்று தடவை ஊறவைத்துப் பிழியுங்கள். பிழிந்த தண்ணீரின் ஈசி (கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறன், mS/cm) 0.5க்குக் கீழே வந்ததும் தூள் தயார்.

விதையை ஓர் இரவு தண்ணீரில் ஊறவிட்டு, அரை சென்ரிமீற்றர் ஆழத்தில் போடுங்கள். முளைக்கும் வரை பசளை வேண்டாம். இரண்டு உண்மை இலை (வித்திலைக்குப் பிறகு வரும் இலை) வந்த பிறகு ஈசி 0.6 முதல் 0.8 வரை உள்ள மெல்லிய கரைசல் கொடுங்கள். நாலைந்து உண்மை இலையும் அடியில் வெள்ளை வேரும் தெரிந்ததும் கப்புக்கு மாற்றலாம்.

கப்பை நிரப்ப, கழுவிய ஓட்டுத் துண்டோ செங்கல் துண்டோ ஒரு சென்ரிமீற்றர் அளவில் போடுங்கள். கடற்கரையில் பொறுக்கிய முருகைக்கல், சிப்பி, சங்குத் துண்டு வேண்டாம். அவை சுண்ணாம்பு, கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து பிஎச்சை (தண்ணீரின் அமில, கார அளவை) ஏற்றிக்கொண்டே இருக்கும்.

தண்ணீரும் கரைசலும்

இங்கே முதலில் பார்க்க வேண்டியது தொட்டிக்கு விடப்போகும் வெறும் தண்ணீரின் ஈசி. கந்தளாயிலிருந்து வரும் குழாய்த் தண்ணீர் பெரும்பாலும் பயன்படுத்தக் கூடியது. குளோரின் போக, வாயகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் வைத்துவிட்டுப் பாவியுங்கள். கடலுக்கு அண்மித்த கிணறு கோடையில் உவர்க்கும். வெறும் தண்ணீரே ஈசி 0.8ஐத் தாண்டினால் அதை மிளகாய்க்கு விடாதீர்கள்; அந்த உப்பு செடி எடுக்காத சோடியம், ஒவ்வொரு தடவை நிரப்பும்போதும் தொட்டியில் சேரும். மாரியில் கூரையில் விழும் மழையின் முதல் 15 நிமிடத் தண்ணீரை ஓடவிட்டு மிச்சத்தைப் பிடித்து, மூடிய பீப்பாயில் வைத்திருங்கள். அதைவிட நல்ல தண்ணீர் கிடையாது.

மலிவான அளவுகருவிகள் ஈசிக்குப் பதிலாகப் பிபிஎம்மில் (பத்து இலட்சத்தில் எத்தனை பங்கு உப்பு என்று) காட்டும். ஈசி 1.0 என்பது சில கருவிகளில் 500, சிலவற்றில் 700. உங்களுடையது எது என்று பெட்டியில் பார்க்காமல் பசளை கலந்தால் செடிக்கு 40 வீதம் வரை கூடுதலாகப் போய்விடும்.

பசளைக்கு விவசாயக் கடையில் அல்பர்ட் கரைசல் தூளைக் கேளுங்கள். ஒரு லீற்றருக்கு ஒரு கிராம் கலந்தால் ஏறத்தாழ ஈசி 1 கூடும், ஆனாலும் கருவியால் அளந்து முடிவு செய்யுங்கள். தூளை கொஞ்சத் தண்ணீரில் கெட்டியாகக் கரைத்து வைக்கக் கூடாது. கல்சியமும் சல்பேற்றும் பொசுபேற்றும் சேர்ந்து வெள்ளையாகப் படிந்தால் அந்தச் சத்து செடிக்குப் போகாது. முழுத் தண்ணீருக்குள் சிறுகச் சிறுகத் தூவிக் கலக்குங்கள். ஏ, பி என்று இரண்டு பொதியாக வரும் பசளையும் அப்படியே: ஏயைக் கரைத்த பிறகே பி.

மாற்றி நட்ட முதல் இரண்டு கிழமை ஈசி 1.0, வளரும் காலம் 1.2 முதல் 1.5, காய்க்கும் காலம் 1.8. குளிர்நாட்டுக் குறிப்புகள் சொல்லும் 2.5க்குப் போகவேண்டாம். வெக்கையில் செடி பசளையைவிடத் தண்ணீரையே அதிகம் குடிக்கும், மிச்சம் தொட்டியில் செறியும்.

பிஎச் 5.8க்கும் 6.3க்கும் இடையில் இருக்கட்டும். குறைக்கப் பொசுபோரிக் அமிலம் துளித்துளியாக. தேசிக்காய்ப் புளியும் வினாகிரியும் ஓரிரு நாள்தான் தாங்கும், பிறகு பிஎச் திரும்ப ஏறும். கூடவே பற்றீரியாவுக்குத் தீனியாகும்.

தண்ணீர் மட்டம்

நட்ட அன்று தண்ணீர் கப்பின் அடியில் ஒரு சென்ரிமீற்றர் தொடவேண்டும். வேர் நீளமாகத் தொங்கியதும் மட்டத்தை இறக்கி, கப்புக்கும் தண்ணீருக்கும் நடுவில் 5 முதல் 7 சென்ரிமீற்றர் காற்றிடைவெளி விடுங்கள். பிறகு அதற்கு மேல் நிரப்பக் கூடாது. அந்த இடைவெளியில் உள்ள வேர் நுண்முடிகளோடு பஞ்சுபோல இருக்கும், காற்றிலிருந்து நேரே ஒட்சிசன் எடுக்கும். பம்ப் நின்றுபோனாலும் பல மணித்தியாலம் செடியைக் காப்பாற்றுவது அதுதான். புதிதாகச் செய்பவர்கள் அன்பு மிகுதியால் தொட்டியை விளிம்புவரை நிரப்பி அந்த வேரை மூழ்கடிப்பார்கள், இரண்டு நாளில் இலை வாடும்.

தண்ணீரின் வெப்பம் 26 பாகைக்குக் கீழே இருக்கட்டும். மீறினால் முற்பகல் 11 மணிக்கு ஒரு லீற்றர் போத்தலில் உறையவைத்த தண்ணீரை மூடியோடு தொட்டிக்குள் மிதக்க விடுங்கள். 30 லீற்றர் தண்ணீரை அது மூன்றரை பாகையளவு இறக்கும். ரிஜிபோம் சுவர் அந்தக் குளிரை மாலைவரை பிடித்துவைக்கும். போத்தல் வேரில் சாயாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்றாடப் பார்வை

இரண்டு நாளுக்கு ஒருமுறை மட்டமும் ஈசியும் பாருங்கள். மட்டம் இறங்கி ஈசி ஏறினால் கரைசல் கடினம், வெறும் தண்ணீர் விடுங்கள். இரண்டும் இறங்கினால் செடி பசியில் இருக்கிறது, சற்றுக் கூட்டுங்கள். மட்டம் மட்டும் இறங்கி ஈசி நின்றால் அளவு சரி. இரண்டு கிழமைக்கு ஒருமுறை முழுவதையும் மாற்றுங்கள். பழைய கரைசல் முற்றத்து முருங்கைக்கும் வாழைக்கும் போகட்டும்.

25 சென்ரிமீற்றர் உயரத்தில் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளை வரும். வீட்டுக்குள் காற்றும் தேனீயும் இல்லாததால் பூத்த பிறகு காலை 9 முதல் 11 மணிக்குள் கிளையை விரலால் தட்டுங்கள். மிளகாய்ப் பூ தன் மகரந்தத்தாலேயே காய்க்கும், அதிர்வு மட்டும் வேண்டும். சிறிய மின்விசிறி மெல்ல ஓடினால் இன்னும் நல்லது.

பிழைக்கும் இடங்கள்

வேர் பழுப்பாகி, வழுவழுப்போடு நாறினால் வேரழுகல். பகலில் இலை வாடுவதைக் கண்டு பசளை கூட்டினால் செடி முடிந்தது. கரைசலைக் கொட்டுங்கள், செத்த வேரை வெட்டுங்கள், பெட்டியை பிளீச்சால் கழுவி நன்றாக அலசுங்கள், மேற்செடியில் மூன்றிலொன்றைக் கத்தரியுங்கள், ஈசியைப் பாதியாக்கி நிரப்புங்கள். குறைந்த வேர் தாங்கக்கூடிய அளவுதான் இலை இருக்கவேண்டும்.

இளம் இலை மஞ்சளாகி நரம்பு பச்சையாக நின்றால் இரும்பு எட்டவில்லை. பெரும்பாலும் பிஎச் 6.5ஐத் தாண்டியிருக்கும். அதே அடையாளம் பழைய இலையில் என்றால் மக்னீசியம், லீற்றருக்குக் கால் கிராம் எப்சம் உப்பு. காயின் நுனி கறுத்துக் குழிந்தால் கல்சியம் போய்ச் சேரவில்லை. கல்சியம் கூட்டுமுன் ஈசியைக் குறைத்து விசிறி போட்டுப் பாருங்கள்.

இலை மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன், கீழ்நோக்கிச் சுருண்டு நுனி தடித்தால் சிற்றுண்ணி. வீட்டுக்குள் சிற்றுண்ணிதான் அதிக தொல்லை, வெறும் கண்ணுக்குத் தெரியாது. ஒரு லீற்றருக்கு 5 மில்லிலீற்றர் வேப்பெண்ணெயும் 2 மில்லிலீற்றர் சவர்க்காரக் கரைசலும் கலந்து, விளக்கை அணைத்த பிறகு இலையின் அடிப்பக்கம் நனையத் தெளியுங்கள். ஐந்து நாள் கழித்துத் திரும்பவும். கந்தகத் தூள் நல்ல மருந்து, ஆனால் எண்ணெய் அடித்து இரண்டு கிழமைக்குள்ளோ, 32 பாகைக்கு மேலான சூட்டிலோ அடித்தால் இலை எரியும்.

பறிப்பு

பூத்து 35 முதல் 40 நாட்களில் பச்சையாகப் பறிக்கலாம். சிவக்க இன்னும் இரண்டு மூன்று கிழமை. காம்போடு கத்தரிக்கோலால் வெட்டுங்கள், இழுத்தால் கிளை முறியும். உறைப்பு விதையில் உருவாவதில்லை, விதை ஒட்டியிருக்கும் வெள்ளைச் சவ்வில்தான். நை மிரிஸ் வெட்டும்போது கையுறை போடுங்கள். கையில் பட்டால் தண்ணீர் உதவாது, தேங்காயெண்ணெய் தேய்த்துப் பிறகு சவர்க்காரம் போடுங்கள்.

காய்ப்புக் குறைந்ததும் முதற்கவட்டுக்குச் சற்று மேலே வெட்டி, ஈசியை 1.0க்கு இறக்கினால் இரண்டு மூன்று கிழமையில் திரும்பத் துளிர்க்கும். விதை எடுப்பதென்றால் நன்றாகச் சிவந்த காயில் எடுத்து நிழலில் காயவையுங்கள். இரண்டு இனங்களை அருகருகே வைத்து ஒரே தூரிகையால் மகரந்தம் தொட்டிருந்தால் அந்த விதையில் தாய் இனம் அப்படியே வரும் என்று எதிர்பார்க்க முடியாது. விதைக்கென்று ஒரு கிளையைப் பூக்குமுன் மெல்லிய துணிப்பையால் மூடிக் கட்டுங்கள்.