டெலிட் பண்ணாலும் திரும்ப வந்த ஸ்பைவேர் – என் அனுபவம்

மூணு நாளா அப்பா லேப்டாப்ல குரோம் திறந்தாலே தெரியாத ஒரு சர்ச் பக்கம்தான் வந்துச்சு, செட்டிங்ஸ்ல மாத்தினாலும் ரீஸ்டார்ட் பண்ணா மறுபடி அதே. அதைக் கொண்டு வந்த எக்ஸ்டென்ஷனை (குரோம்ல சேர்க்கிற குட்டி புரோகிராம்) தூக்கலாம்னு போனா ரிமூவ் பட்டனே இல்ல. ஆன்டி ஸ்பைவேர் (உளவு புரோகிராம்களைப் பிடிக்கிற சாஃப்ட்வேர்) ஸ்கேன் போட்டா ஒண்ணு மாட்டும், டெலிட் ஆயிடுச்சுன்னு சொல்லும், மறுநாள் காலைல திரும்ப நிக்கும். விவரம்னு அமுக்கினா "ஜெனரிக் (பொதுவான வகை), ஆபத்து நடுத்தரம், நீக்கவும்" அவ்ளோதான், எங்க உக்காந்திருக்கு, எப்படி திரும்ப வருதுன்னு ஒரு வரி கிடையாது. குரோமை அன்இன்ஸ்டால் பண்ணி திரும்ப போட்டும் பார்த்தேன், அரை நாள் போச்சு.

அப்புறம் வேற ஸ்கேனர் ஓட்டினேன். அது அதே ஃபைலுக்கு எந்த ஸ்பைவேர் வகைன்னு குடும்பப் பேரு போட்டு, ரெஜிஸ்ட்ரில (விண்டோஸ் செட்டிங்ஸ் சேமிக்கிற இடம்) குரோம் பாலிசிக்குள்ள (நிறுவனங்கள் குரோமுக்குப் போடுற கட்டாய செட்டிங்) ஒரு கீ, அதாவது ஒரு பதிவு எழுதும், டாஸ்க் ஷெட்யூலர்லயும் (புரோகிராமை தானா ஓட வைக்கிற விண்டோஸ் வசதி) ஒரு டாஸ்க் வைக்கும்னு விளக்கமா சொல்லிச்சு. அதைப் படிச்ச பிறகுதான் குரோம் மெனு அடியில "உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது"ன்னு இருந்த வரி கண்ணுல பட்டுச்சு, வீட்டு லேப்டாப்ல அது எதுக்கு வரணும்? அட்ரஸ் பார்ல குரோம் பாலிசி பக்கத்தை திறந்தா எக்ஸ்டென்ஷன் இன்ஸ்டால் ஃபோர்ஸ்லிஸ்ட்னு (கட்டாயமா போடுற எக்ஸ்டென்ஷன் பட்டியல்) அந்த எக்ஸ்டென்ஷனோட ஐடி அப்படியே இருக்கு.

முதல்ல டாஸ்க்கை அழிக்கணும், அதுக்கப்புறம்தான் கீ, ஏன்னா ஒவ்வொரு லாகின்லயும் அந்த டாஸ்க்தான் கீயை திரும்ப எழுதுது, நான் முதல் தடவை மாத்தி செஞ்சு இன்னொரு ராத்திரி போச்சு. சில ஆன்டிவைரஸும் பாலிசி வைக்கும், அதனால அந்த எக்ஸ்டென்ஷனோட ஐடிதானான்னு ஒத்துப் பார்த்துட்டு அழிங்க. ரீஸ்டார்ட் பண்ணேன், ரிமூவ் பட்டன் வந்துடுச்சு, ரெண்டு வாரமா திரும்ப வரல.