சுவருக்கு இருவராகப் பெயின்ட் அடிக்கும்போது

கணவனும் மனைவியும் சேர்ந்து வீட்டுக்குப் பெயின்ட் அடிப்பதென்றால், ஆளுக்கொரு சுவராகப் பிரித்துக்கொள்ளாமல் ஒரே சுவரில் இருவரும் நிற்பதே நல்லது. ஒருவர் 2 அங்குலப் பிரஷால் கூரையோரத்தையும் மூலைகளையும் பூசிக்கொண்டு முன்னே செல்ல, மற்றவர் அந்த ஈரம் காய்வதற்குள் ரோலரால் நடுப்பகுதியை நிரப்பியபடி பின்தொடர்ந்தால், இரண்டு பூச்சும் ஒன்றோடொன்று கலந்து, காய்ந்தபின் ஓரங்களில் கோடு தெரியாது. தனியாளுக்கு இது எளிதில் கைகூடாது. எந்த நிறம் என்ற வழக்கை மட்டும் டப்பாவைத் திறப்பதற்கு முன்பே தீர்த்துக்கொள்ளுங்கள். அவ்வப்போது வேலையை மாற்றிக்கொண்டால் தோள்வலி ஒருவருக்கே சேராது. இடைவேளையில் ரோலரைப் பிளாஸ்டிக் பையால் காற்றுப் புகாமல் சுற்றிவைத்துவிட்டு, தரையில் விரித்த பழைய செய்தித்தாளின் மேலேயே இருவரும் சற்று அமரலாம். மூக்கு நுனியில் ஒட்டிய பெயின்டைத் துடைத்துவிட ஆள் அருகிலேயே இருப்பார்.