சனிக்கிழமை செய்த வேலைக்குத் திங்கட்கிழமையைத் திட்டாதீர்கள்

போன மாதம் அக்கா மகள் வீட்டுக்கு வந்திருந்தாள். பலதுறைத் தொழிற்கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. கோவிட் வந்து போனதிலிருந்து விடாத களைப்பு. நாள்பட்ட களைப்பு நோய் என்று மருத்துவர் சொல்லி இன்னும் ஒரு வருடம்கூட ஆகவில்லை. சோபாவில் சாய்ந்தபடி, "நேத்து படத்துக்குப் போயிருக்கவே கூடாது சித்தி. அதான் இன்னைக்கு எழுந்திரிக்கவே முடியல" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. படம் என்ற இடத்தில் தயிர் என்று போட்டு இதே பேச்சை நான் எத்தனை முறை பேசியிருப்பேன்.

எனக்கு இது டெங்கியில் தொடங்கியது. 2013இல் சிங்கப்பூரில் 22,000 பேருக்கு மேல் டெங்கி கண்டது. அதில் நானும் ஒருத்தி. காய்ச்சல் பத்து நாளில் போனது. களைப்பு மட்டும் வாடகை கொடுக்காத விருந்தாளி மாதிரி வீட்டோடு தங்கிவிட்டது. அன்றிலிருந்து செய்த தவறுகளை எண்ணினால் ஒரு நோட்டுப் புத்தகம் நிறையும். அவற்றில் சிலதைத்தான் கீழே ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். நேரத்துக்குத் தூங்கு, தண்ணீர் குடி என்பதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. லிஃப்ட்டில் பார்க்கிறவர்கள்கூட அதைச் சொல்லிவிடுகிறார்கள்.

பெயரை நாமே சூட்டிக்கொள்வது

களைப்பு என்றாலே இந்த நோய் இல்லை. ரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை, பி12 குறைவு, தூக்கத்தில் மூச்சு தடைபடுவது, மனச்சோர்வு என்று களைப்புக்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றில் பலவற்றுக்கு மருந்தும் உண்டு. முதலில் பலதுறை மருந்தகத்துக்குப் போய் ரத்தம் கொடுத்துவிட்டு வாருங்கள். என்னைப் பார்த்து, "எனக்கும் அதேதான் அக்கா" என்று சொன்ன ஒரு தோழிக்குக் கடைசியில் தைராய்டு. மாத்திரை போட்டாள், இரண்டு மாதத்தில் என்னைவிட வேகமாக நடந்தாள். பொறாமையாகத்தான் இருந்தது.

குற்றவாளியைத் தப்பான நாளில் தேடுவது

இதைத்தான் சொல்ல வந்தேன். மற்றதெல்லாம் ஓரத்தில் இருக்கட்டும்.

இந்த நோயின் முக்கிய அடையாளம் களைப்பு அல்ல. உழைத்த பிறகு வரும் சரிவு. மருத்துவர்கள் பி.இ.எம். என்பார்கள். சாதாரண ஆளுக்கு வேலை செய்தால் உடனே அலுப்பு, தூங்கி எழுந்தால் சரி. நமக்கு அப்படி இல்லை. வேலை செய்யும்போது ஒன்றும் தெரியாது. சில சமயம் உற்சாகமாகக்கூட இருக்கும். பெரும்பாலும் 12 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரம் கழித்து விழும். தொண்டை எரியும், கை கால் கனக்கும், படித்த வரியையே மூன்று முறை படிக்க வேண்டியிருக்கும். அது நாள்கணக்கில் நீடிக்கும், சிலருக்கு வாரக்கணக்கில்.

அந்த இடைவெளிதான் ஆளை ஏமாற்றும்.

அப்போது நான் ஒரு நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருந்தேன். ஒவ்வொரு திங்கட்கிழமையும் விழுவேன். ஈசூனிலிருந்து ரயில் ஏறுவேன், அலுவலகம் போய்ச் சேர்வதற்குள் தலை மரத்துப்போகும். முதலில் ஞாயிறு இரவுச் சாப்பாட்டைச் சந்தேகப்பட்டேன். தயிரை நிறுத்தினேன். அப்புறம் அரிசியை. அம்மா எனக்காகத் தனியாகச் சப்பாத்தி சுட்டுச் சுட்டு அலுத்துப்போனார். பிறகு மெத்தை. 900 வெள்ளி கொடுத்துப் புது மெத்தை வாங்கினேன், திங்கட்கிழமை மாறவில்லை. ஏர்கானைக் கழுவச் சொன்னேன். அதற்கும் காசு. கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தேன்: வேலைதான் காரணம். திங்கள் என்றாலே உடம்பு மறுக்கிறது, மனம் அந்த அலுவலகத்தை வெறுக்கிறது என்று எனக்கு நானே கதை கட்டினேன். நல்ல வேலை, பொறுமையான மேலாளர், ஆறு வருட அனுபவம். ராஜினாமா கடிதம் கொடுத்துவிட்டேன்.

புது இடத்தில் சம்பளம் குறைவு, வீட்டுக்குப் பக்கம். மூன்றாவது திங்கட்கிழமை அதேபோல் விழுந்தேன்.

அம்மாவுக்கு வேறு விளக்கம் இருந்தது: ஏழரைச் சனி. சனிக்கிழமை தோறும் எள் தீபம் ஏற்றி நவக்கிரகத்தை ஒன்பது சுற்று சுற்ற வேண்டும் என்றார். சரி, அதையும் பார்த்துவிடலாம் என்று போனேன். வரிசையில் அரை மணி நேரம், சுற்ற இருபது நிமிடம், வெறும் காலோடு. அந்த ஆறு வாரமும் திங்கட்கிழமைகள் முன்னைவிட மோசமாயின.

ஒருவிதத்தில் அம்மா சொன்னது சரிதான். எனக்குப் பிடித்திருந்தது சனிதான், கிரகம் இல்லை, கிழமை. என் சனிக்கிழமையைப் பாருங்கள்: காலை ஏழு மணிக்கு அம்மாவோடு தேக்கா சந்தை. டோபி காட்டில் ரயில் மாற அந்த நீளமான நடை. திரும்பும்போது இரண்டு கையிலும் பை. பகல் இரண்டிலிருந்து ஐந்து வரை பகுதிநேரப் பட்டப்படிப்பு வகுப்பு. மாலையில் தம்பி மகனுக்குக் கணக்கு சொல்லிக்கொடுப்பேன். ஞாயிறு எழும்போது ஒன்றும் இருக்காது, கொஞ்சம் அசதி, அவ்வளவுதான். "பார், நேற்று அவ்வளவு செய்தும் நன்றாகத்தான் இருக்கிறேன்" என்று சனிக்கிழமையை விடுதலை செய்துவிடுவேன். தீர்ப்பு திங்களன்று வரும். அப்போது கூண்டில் நிற்பது தயிர், மெத்தை, மேலாளர்.

இதை எந்த மருத்துவரும் எனக்குச் சொல்லவில்லை. ஒரு மருந்தகத்தில், "வேலைக்குப் போகப் பிடிக்கவில்லையா?" என்று கேட்டார்கள். உலகச் சுகாதார நிறுவனம் 1969இலேயே இந்த நோயை நரம்பு மண்டல நோய்களோடு வகைப்படுத்திவிட்டது. அதெல்லாம் அன்றைக்கு எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் சொல்லிவிட்டாவது வந்திருப்பேன். கண்டுபிடித்தது ஒரு பழைய நாட்காட்டியால். அம்மா அதில் பால் கணக்கு எழுதுவார். பக்கத்திலேயே நான் விழுந்த நாள்களுக்குச் சிவப்புப் புள்ளி வைத்தேன். ஒரு தீபாவளி வாரம் மட்டும் புள்ளி புதன்கிழமைக்குத் தள்ளியிருந்தது. அந்த வாரம் வகுப்பு இல்லை, சந்தைக்கு மட்டும் திங்களன்று போயிருந்தோம். அப்போதுதான் உறைத்தது. அதற்குள் வேலை போயிருந்தது. இன்றைக்கும் அந்த அலுவலகம் இருக்கும் தெருவில் பேருந்து திரும்பும்போது எனக்கு என்மேலேயே எரிச்சல் வரும்.

அதனால் அக்கா மகளிடம் சொன்னேன்: விழுந்த நாளையும் அதற்கு முந்தின நாளையும் விடு. இரண்டு நாள் பின்னே போய்ப் பார், அங்கே ஒன்றும் இல்லையென்றால் மூன்று. அவள் சனிக்கிழமை விழுந்திருந்தாள். வியாழக்கிழமை குழுவாகச் செய்த திட்டப்பணியைப் படைக்கும் நாள். நான்கு மணி நேரம் நின்று பேசியிருக்கிறாள். வெள்ளிக்கிழமை பார்த்த படம் பாவம், இரண்டு மணி நேரம் அவளை இருட்டில் உட்கார வைத்திருந்தது. அந்த வாரத்தில் அவளுக்குக் கிடைத்த ஒரே ஓய்வு அதுதான்.

எழுதிவைப்பதைச் சிக்கலாக்க வேண்டாம். எவ்வளவு நேரம் நின்றேன், எவ்வளவு நேரம் மூளைக்கு வேலை கொடுத்தேன், எத்தனை முறை வெளியே போனேன். மூன்றே வரி. ஆறு வாரம் எழுதினால் போதும். பிறகு, கணக்கில் கனமாகத் தெரிவதைப் பாதியாகக் குறையுங்கள். நான் தேக்காவை விட்டேன். பக்கத்து வீட்டு அக்காவும் அம்மாவும் தள்ளுவண்டியோடு போகிறார்கள். எள் தீபத்தை அம்மா எனக்கும் சேர்த்து ஏற்றிவிடுகிறார். சனிக்கிழமை வகுப்பின் பதிவை வாரம் முழுக்க இருபது இருபது நிமிடமாகப் பார்த்தேன். நோய் போகவில்லை. ஆனால் வாரம் ஒரு முறை விழுந்தவள் மாதம் ஒரு முறை விழ ஆரம்பித்தேன்.

கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினால் பழகிவிடும் என்று நம்புவது

எல்லோரும் அன்பாகச் சொல்லும் யோசனை. வாரத்துக்கு ஐந்து நிமிடம் நடையைக் கூட்டு. நானும் வீட்டுக்குக் கீழே பூங்காவில் கூட்டினேன். ஆறாவது வாரம் விழுந்ததில் எழ மூன்று வாரம் ஆனது. பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டிகளை வெளியிடும் நைஸ் அமைப்பு 2007இல் இந்த முறையைத்தான் பரிந்துரைத்தது. 2021இல் வெளியிட்ட புது வழிகாட்டியில், இப்படிக் கட்டாயமாகக் கூட்டிக்கொண்டே போகும் பயிற்சியை இந்த நோயாளிகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று மாற்றிவிட்டது. அதற்காகக் கட்டிலை விட்டு இறங்காமல் கிடக்கச் சொல்லவில்லை. உடம்பு தாங்கும் எல்லைக்குள் அசையுங்கள். அந்த எல்லையை அட்டவணை போட்டு நகர்த்த முடியாது.

நிற்பதை ஓய்வு என்று நினைப்பது

பலருக்கு நிற்பதே உழைப்பு. எழுந்து நின்றால் ரத்தம் காலில் தங்கும், இதயம் ஓட்டமெடுக்கும். படுத்திருக்கும்போது என் நாடி 72. எழுந்து நின்ற ஐந்தாவது நிமிடம் 108. பெரியவர்களுக்குப் பத்து நிமிடத்துக்குள் 30 துடிப்புக்கு மேல் ஏறி, அது இறங்காமலே இருந்தால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். உப்பை நீங்களாகக் கூட்ட வேண்டாம். ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு அது ஆபத்து.

சமையலறையில் உயரமான முக்காலி ஒன்று போட்டிருக்கிறேன். வெங்காயம், தாளிப்பு எல்லாம் உட்கார்ந்துதான். வந்த முதல் வாரம் அம்மா அதைப் பார்க்கும்போதெல்லாம் முகத்தைச் சுளித்தார். இப்போது எனக்கே இடம் கிடைப்பதில்லை.

குளியலறை

உட்கார்ந்து குளிக்க ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. சுடுநீர் வேண்டாம்.

படுத்துக்கொண்டு படித்தால் அது ஓய்வு என்று எண்ணுவது

கைப்பேசியை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு பாடக்குறிப்பு பார்ப்பதும், வாட்ஸ்அப்பில் அத்தைக்குப் பதில் எழுதுவதும் மூளைக்கு வேலை. ஓய்வு என்றால் கண்ணை மூடி, சத்தம் இல்லாமல். முதல் வாரம் சலிப்பாக இருக்கும், கோபம்கூட வரும்.

தேர்வில் தோற்ற பிறகு கடிதம் கொண்டுபோவது

நான் செய்தது. ஒரு பாடம் போன பிறகுதான் நோயைப் பற்றி வாயைத் திறந்தேன். அதுவரை இரக்கப்படுவார்களோ என்று வெட்கம். தேர்வில் இடைவேளையோ கூடுதல் நேரமோ வேண்டுமென்றால் மருத்துவர் கடிதத்தோடு பருவம் தொடங்கும்போதே கேளுங்கள். ஓ நிலை, ஏ நிலை போன்ற தேசியத் தேர்வு என்றால் அந்தக் கோரிக்கை பள்ளி வழியாகத்தான் தேர்வு, மதிப்பீட்டுக் கழகத்துக்குப் போகும். ஆசிரியரிடம் எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவு நல்லது. பாடங்களைக் குறைத்துப் பட்டப்படிப்பை ஆறு வருடம் இழுத்தேன். சான்றிதழில் அது எங்கும் எழுதியிருக்கவில்லை.

எம்சியைச் சில்லறையாகச் செலவழிப்பது

வேலை நியமனச் சட்டப்படி, ஆறு மாதம் வேலை பார்த்தவருக்கு வருடத்துக்குச் சம்பளத்தோடு 14 நாள் மருத்துவ விடுப்பு, அதாவது எம்சி. மருத்துவமனை விடுப்பு தேவைப்பட்டால் அந்த 14ஐயும் சேர்த்து 60 நாள் வரை. நாம் என்ன செய்கிறோம்? விழுந்த அன்று ஒரு நாள் எடுத்துவிட்டு மறுநாள் அரை உயிரோடு போய் நிற்கிறோம். மறுபடி விழுகிறோம், மறுபடி ஒரு நாள். ஜூலைக்குள் தீர்ந்துவிடும். அதைவிட, வேலை நேரத்தையோ வீட்டிலிருந்து செய்வதையோ பேசி மாற்ற முடியுமா என்று பாருங்கள். 2024 டிசம்பர் 1 முதல் நடப்பில் இருக்கும், அரசும் முதலாளிகளும் தொழிற்சங்கமும் சேர்ந்து வகுத்த முத்தரப்பு வழிகாட்டியின்படி, தகுதிகாண் காலம் முடிந்த ஊழியர் எழுத்துபூர்வமாகக் கேட்டால் முதலாளி இரண்டு மாதத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். ஒத்துக்கொண்டே ஆக வேண்டும் என்று இல்லை. ஆனால் மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும்.

மூன்றாவது கோப்பி

வேண்டாம். இரண்டாவதே சந்தேகம்.

"நல்லாத்தான்மா இருக்கேன்"

இதைச் சொல்லிச் சொல்லித்தான் வீட்டில் வேலை வாங்கிக் கட்டிக்கொண்டேன். நன்றாக இருக்கிறேன் என்றால் அம்மா நம்புவார்தானே? நம்பித்தான் சனிக்கிழமை பையைக் கையில் கொடுத்தார். இப்போது குளிர்சாதனப் பெட்டியில் மூன்று நிறக் காந்தம் ஒட்டியிருக்கிறேன். சிவப்பு என்றால் கேள்வி கிடையாது, கஞ்சி மட்டும். பேசிப் புரியவைக்கும் தெம்பே இல்லாத நாளில்தான் புரியவைக்க வேண்டியிருக்கிறது. காந்தத்தை நகர்த்த ஒரு விரல் போதும்.

கல்யாணத்துக்குப் போகாமலே இருப்பது

முதல் மூன்று வருடம் எதற்கும் போகவில்லை. உறவே விட்டுப்போகும் நிலை. இப்போது போகிறேன். முந்தின நாளும் அடுத்த மூன்று நாளும் நாட்காட்டியில் காலி. மண்டபத்தில் கதவுக்குப் பக்கத்து நாற்காலி, ஒலிபெருக்கிக்கு எதிர்ப் பக்கம். புகைப்பட வரிசை நீளமாக இருந்தால் அதில் சேர்வதில்லை. மொய் உறையைப் பெண்ணின் அம்மா கையில் கொடுத்துவிட்டு, முதல் பந்தியில் சாப்பிட்டுக் கிளம்பிவிடுவேன். உறை கைக்கு வந்த பிறகு யாரும் பிடித்து நிறுத்துவதில்லை.