மைத்துளியை ஊதி ஒரு நியூரான்: பிள்ளைகளுக்கு மூளையைச் சொல்லிக்கொடுக்க ஒரு செய்முறை

நியூரான், அதாவது நரம்புச் செல்லின் படத்தை வரைந்து பாகம் குறித்து மதிப்பெண் வாங்கியவர்கள் நம்மில் நிறையப் பேர். டென்ட்ரைட், சைட்டான், ஆக்சான் எல்லாம் மனப்பாடம். ஆனால் புத்தகத்தை மூடிவிட்டு, "இதில் செய்தி எந்தப் பக்கம் உள்ளே வருது, எந்தப் பக்கம் வெளியே போகுது?" என்று கேட்டால் பாதிப் பேர் முழிப்போம். என்னை ஒரு ஏழாம் வகுப்புப் பெண் அப்படிக் கேட்டாள். நானும் முழித்தேன்.

எங்கள் ஊர் நூலகத்தில் மாதம் ஒரு ஞாயிறு பிள்ளைகளைக் கூட்டி ஏதாவது செய்வோம். அதில் ஊர்க்காரர்களே "மறுபடி எப்போ?" என்று கேட்டது இந்த மை ஊதும் நியூரானைத்தான். உங்கள் தெருவிலும் செய்யலாம். நன்றாக வரைபவராக இருக்க வேண்டியதில்லை, உயிரியல் படித்திருக்கவும் வேண்டாம். எட்டு வயதுக்கு மேல் பதினைந்து இருபது பிள்ளைகள், இரண்டு மணி நேரம், அவ்வளவுதான்.

வாங்க வேண்டியவை

வழவழப்பான வெள்ளை சார்ட், ஆளுக்குக் கால் பங்கு. சாதாரண ஜெராக்ஸ் தாள் வேண்டாம், மையை உறிஞ்சிவிடும். கிளை ஓடாமல் திட்டாக நின்றுவிடும். கறுப்பு போஸ்டர் கலர் ஒரு புட்டி, தண்ணீர், மருந்து விடும் டிராப்பர், ஜூஸ் கடையில் கிடைக்கும் காகித ஸ்ட்ரா, கீழே விரிக்கப் பழைய செய்தித்தாள்.

கலரைத் தண்ணீர் விட்டுக் கரைத்துக்கொள்ளுங்கள். பதம் முக்கியம். பாலைவிடக் கொஞ்சம் தண்ணியாக இருக்க வேண்டும். கெட்டியாக இருந்தால் ஊதி ஊதிக் கன்னம் வலிக்கும், துளி நகராது. ரொம்பத் தண்ணியாகிவிட்டால் ஒரே ஊதலில் தாள் முழுக்க ஆறு ஓடும். முதல் நாள் இரவே வீட்டில் நாலைந்து துளி ஊதிப் பார்த்துப் பதம் பிடித்துவிடுங்கள்.

இன்னொன்று. ஸ்ட்ராவின் நடுவில் ஊசியால் இரண்டு மூன்று ஓட்டை போட்டு வையுங்கள். எங்கள் முதல் கூட்டத்தில் ஒரு பொடியன் ஊதுவதற்குப் பதில் உறிஞ்சிவிட்டான். பல்லெல்லாம் கறுப்பு. அவன் சிரித்தான், அவன் அம்மா சிரிக்கவில்லை. ஓட்டை இருந்தால் உறிஞ்சினாலும் காற்றுதான் வரும், மை ஏறாது. ஒரு பையன் பப்பாளி இலைக் காம்பு கொண்டுவந்தான், சோப்பு நுரை ஊதிய பழக்கம். துவாரம் பெரிதாக இருப்பதால் மை தெறிக்கிறது, காம்பின் பால் பட்டால் உதடும் அரிக்கும். வேண்டாம்.

படி 1: துளி, ஊதல்

தாளின் கீழ்ப்பாதியில், நடுவாக, பெரிய துளி ஒன்று. கடலைப் பருப்பு அளவு போதும். ஸ்ட்ராவைச் சாய்த்து, துளிக்குப் பக்கத்தில் தாளை ஒட்டிப் பிடித்து, 'ஃபூ' என்று குட்டிக் குட்டியாக ஊத வேண்டும். நீளமாக மூச்சுப் பிடித்து ஊதினால் தலை சுற்றும். நடுநடுவே நிறுத்தச் சொல்லுங்கள்.

மை மேல்நோக்கி ஓடும். ஓடும் நுனியைத் துரத்தி, இடமும் வலமுமாக மாற்றி ஊதினால் அது இரண்டாகப் பிரியும். பிரிந்தது மறுபடி பிரியும். கிளை போகப் போக மெலியும். மேலே விசிறி மாதிரி விரிந்ததும் நிறுத்திவிட்டு, துளியின் அடியிலிருந்து கீழ்நோக்கி ஒரே ஒரு நீளக் கோடு மட்டும் ஊதச் சொல்லுங்கள். நேராக வராது, பரவாயில்லை.

இதுவரை நியூரான் என்ற சொல்லே யார் வாயிலும் வரக் கூடாது. பெயரைச் சொன்னதும் பிள்ளைகள் புத்தகப் படத்தை நினைவிலிருந்து வரையப் பார்ப்பார்கள். "என்ன மாதிரி இருக்கு?" என்று மட்டும் கேளுங்கள். வேர், முருங்கை மரம், மின்னல், ஆத்தா தலைமுடி என்று வரும். எல்லாவற்றையும் பலகையில் எழுதிவிடுங்கள்.

படி 2: காயும் நேரத்தில் ஒரு கதை

மை காய இருபது நிமிடம் ஆகும். நான் சொல்லும் கதை இது.

ஸ்பெயின் நாட்டில் 1852இல் பிறந்த சாந்தியாகோ ரமோன் இ காஹால் என்ற பையனுக்கு ஓவியராக ஆசை. அப்பாவுக்கோ மகனை மருத்துவராக்க ஆசை. பையன் அடங்கவில்லை. முடிதிருத்துபவரிடமும் செருப்புத் தைப்பவரிடமும் வேலை பழக அனுப்பிப் பார்த்தார்கள். கடைசியில் அப்பா அவனைக் கல்லறைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போய், எலும்புகளைப் பார்த்து வரையச் சொல்லி உடற்கூறு கற்றுக்கொடுத்தார். ஓவிய ஆசையே மருத்துவத்துக்கு வழியாகிவிட்டது. (இந்த இடத்தில் பெற்றோர் யாராவது உட்கார்ந்திருந்தால் பிள்ளைகள் திரும்பி அவர்களைப் பார்ப்பார்கள்.)

அந்தக் காலத்தில் மூளையை மெல்லிய சீவலாக அறுத்து நுண்ணோக்கியில் வைத்தால் ஒரே புதர்தான், எது எதன் கிளை என்று பிரிக்க முடியாது. இத்தாலியின் கமில்லோ கோல்ஜி 1873இல் வெள்ளி நைட்ரேட்டை வைத்து ஒரு சாயமேற்றும் முறை கண்டுபிடித்தார். அதில் ஒரு விசித்திரம்: நூறு செல் இருந்தால் ஏதோ ஒன்றிரண்டுதான் கறுக்கும், ஆனால் கறுத்தது நுனி வரைக்கும் முழுசாகக் கறுக்கும். மற்றதெல்லாம் கண்ணுக்கே தெரியாது. புதரில் ஒரு செடியை மட்டும் கறுப்படித்த மாதிரி. காஹால் இதை 1887இல் மாட்ரிட்டில் பார்த்தார். ஊருக்குத் திரும்பி அந்த முறையை மெருகேற்றி, பார்த்ததையெல்லாம் வரைந்து தள்ளினார். வரைய வரைய அவருக்குப் பட்டது, மூளை பின்னிய வலை இல்லை, தனித்தனி செல்கள் என்று. கோல்ஜி கடைசி வரை ஒப்புக்கொள்ளவில்லை. 1906இல் நோபல் பரிசை இருவருக்கும் சேர்த்துக் கொடுத்தார்கள். அந்த மேடையிலும் கோல்ஜி தன் உரையில் காஹால் கட்சியை மறுத்தே பேசினார். பிள்ளைகளுக்கு இந்தச் சண்டை ரொம்பப் பிடிக்கும்.

படி 3: ஒப்பிடுதல்

இப்போது காஹால் வரைந்த பர்கின்ஜி செல் என்ற ஒரு வகை நியூரானின் படத்தை வெளியே எடுங்கள். இணையத்தில் கிடைக்கும், ஏ4 அளவில் பிரிண்ட் போட்டால் போதும். பிள்ளைகளின் மை ஓவியத்துக்குப் பக்கத்தில் வைத்ததும் ஒரு சத்தம் எழும் பாருங்கள், அதற்காகத்தான் இவ்வளவு பாடும்.

இந்தச் செல் சிறுமூளையில் இருக்கிறது. நாம் விழாமல் நடக்க, பந்தைச் சரியாகப் பிடிக்க உதவும் பகுதி அது. மூளையில் சுமார் 8,600 கோடி நியூரான்கள் என்றால், அதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு இந்தச் சின்னஞ்சிறு சிறுமூளையில்தான். பர்கின்ஜி செல்லை நான் தேர்ந்தெடுத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதன் கிளைகள் நிஜமாகவே தட்டையாக, பனையோலை விசிறி போல ஒரே தளத்தில் விரிந்திருக்கும். தட்டையான தாளில் வரைந்தாலும் பொய்யில்லை. மற்ற நியூரான்கள் பெரும்பாலும் எல்லாத் திசையிலும் கிளை விடுபவை.

"டேய், உன்னுது கோணல்" என்று யாரையும் சொல்ல விடாதீர்கள். இரண்டு பர்கின்ஜி செல் ஒன்றுபோல் இருப்பதில்லை.

படி 4: அம்புக்குறி. இங்கேதான் தடுக்கி விழுவோம்

மை துளியிலிருந்து வெளியே ஓடியதைப் பிள்ளைகள் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். அதனால் செய்தியும் துளியிலிருந்து கிளை நுனிக்குப் போகிறது என்று நினைத்துவிடுவார்கள். அந்த ஏழாம் வகுப்புப் பெண் கேட்டதும் இதனால்தான். "மை வெளியே போச்சே அண்ணா, அப்போ செய்தியும் வெளியேதானே?"

நேர்மாறு. கிளைகளான டென்ட்ரைட்டுகள் செய்தி வாங்கும் பக்கம். செய்தி நுனியிலிருந்து துளிக்கு, அதாவது செல் உடலுக்கு (சைட்டான்) வரும். அங்கிருந்து கீழே போகும் ஒற்றைக் கோடு, ஆக்சான், அதை அடுத்த செல்லுக்குக் கொண்டுபோகும். மழைநீர் ஓடைகள் பலவும் கூடி ஏரிக்கு வந்து, ஒரே மதகு வழியாக வெளியேறுவது போல என்று நான் சொல்வேன். காஹாலும் தன் படங்களில் அம்புக்குறி போட்டே இந்தத் திசையைக் காட்டினார்.

சிவப்பு ஸ்கெட்ச் கொடுத்து ஒவ்வொருவரையும் அம்புக்குறி போடச் சொல்லுங்கள். நீங்கள் போட்டுக் காட்டாதீர்கள். தப்பாகப் போட்டவர்களை "எங்கே வாங்குது, எங்கே கொடுக்குது?" என்று கேட்டால் அவர்களே திருத்திக்கொள்வார்கள். நேரம் போதவில்லை என்றால் வேறு எதை வேண்டுமானாலும் விடுங்கள், இதை விடாதீர்கள்.

படி 5: தொடாமல் கொடுத்தல்

பிள்ளைகளை வரிசையாக நிறுத்துங்கள். இடக்கை விரல்கள் டென்ட்ரைட், உடம்பு செல் உடல், வலக்கை ஆக்சான். பக்கத்து ஆளின் கையைத் தொடாமல் ஒரு சாண் இடைவெளி விட்டு, புளியங்கொட்டையைப் போட்டுப் பிடித்துக் கடைசி ஆள் வரை கடத்த வேண்டும். அந்த இடைவெளிதான் சினாப்ஸ், புளியங்கொட்டைதான் அதைத் தாண்டும் வேதிப்பொருள். செல்கள் தனித்தனி என்று காஹால் சொன்னாரே, அந்த இடைவெளி எலக்ட்ரான் நுண்ணோக்கி வந்தபின் 1950களில்தான் கண்ணுக்குத் தெரிந்தது. ஐந்து நிமிடம் போதும். அதற்கு மேல் விட்டால் புளியங்கொட்டைச் சண்டையாகிவிடும்.

படி 6: ஊருக்குக் காட்டுதல்

நூலக வாசலில் கொடி கட்டி, துணிக் கிளிப்பில் படங்களை மாட்டுங்கள். மாலையில் பெரியவர்கள் வருவார்கள். விளக்குவது பிள்ளைகள்தான், நீங்கள் தள்ளி நில்லுங்கள்.

ஒன்றுக்குத் தயாராக இருங்கள். மூளை என்று தலைப்புப் போட்டால் நோய்களைப் பற்றிய கேள்வி கண்டிப்பாக வரும். கை நடுங்குது, மறதி வருது, மாமாவுக்குப் பக்கவாதம் வந்துச்சு என்பார்கள். மருத்துவம் சொல்லாதீர்கள், மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள். பக்கவாதத்துக்கு மட்டும் ஒரு அட்டை எழுதி மாட்டிவிடுவேன்: முகம் ஒரு பக்கம் கோணினால், ஒரு கை தூக்க முடியாவிட்டால், பேச்சு குழறினால், தானாகச் சரியாகும் என்று காத்திருக்காமல் உடனே 108ஐக் கூப்பிடுங்கள்.

போன முறை ஒரு பாட்டி தன் பேரன் படத்தின் முன்னால் ரொம்ப நேரம் நின்றார். "இம்புட்டுக் கிளை இருக்கே, எல்லாமா பேசும்?" என்றார். பேரன் சிவப்பு அம்பைக் காட்டி, "இல்ல அப்பத்தா, இதெல்லாம் கேக்குற பக்கம். பேசுறது இந்த ஒண்ணுதான்" என்றான்.